மாடு அப்படியேதான் நிக்குதுங்க

ஜெர்மன் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள் நான். பீளமேட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் வகுப்பு. பொறியியல் முடித்த பிள்ளைகளும் நர்சிங் முடித்த பிள்ளைகளும் வருவார்கள். வந்த முதல் நாளே விசா எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள். அந்த மொழியில் யாராவது கதை எழுதியிருக்கிறார்களா, படம் எடுத்திருக்கிறார்களா என்று இதுவரை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு என்னிடமும் பெரிதாகச் சரக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

வகுப்பு போக, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு ஆயுர்வேத மருத்துவமனைக்கு மொழிபெயர்க்கப் போவேன். முட்டிவலி, முதுகுவலி என்று ஜெர்மனியிலிருந்து வந்து படுப்பவர்களிடம் காபி கூடாது, கோழி கூடாது, பகலில் தூங்கக் கூடாது என்று சொல்வதுதான் வேலை. வைத்தியர் சொன்னதை நான் சொல்ல, அவர்கள் என்னை முறைப்பார்கள். போன வருஷம் அப்படி முறைத்தவர்களில் ஒருவர்தான் அந்த டைரக்டர். எழுபதைத் தாண்டியவர். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருக்கும் உயரம். என்ன தொழில் என்று வைத்தியர் கேட்டார். சினிமா எடுப்பவர் என்று நான் சொன்னதும் வைத்தியர் தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

முட்டியில் எண்ணெய் ஊறும் நேரமெல்லாம் அவர் பேசுவார். கேட்க என்னை விட்டால் ஆளில்லை. வடக்கே, கடலுக்குப் பக்கத்தில், மேடு பள்ளமே இல்லாத ஒரு ஊரில் பிறந்தவர். அப்பா மாடு வளர்த்துப் பால் ஊற்றியவர். மகன் மீசை முளைத்த கையோடு பஸ் ஏறி நகரத்துக்குப் போய், பிலிம் கழுவும் லேபில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து படம் எடுக்க வந்துவிட்டார். முதல் படம் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சு ஒன்றைப் பற்றியது. அதில் உட்கார்ந்து போகும் மனிதர்களைப் பற்றியா என்று கேட்டேன். இல்லை, பெஞ்சைப் பற்றி என்றார். அடுத்த படத்தில் ஒரு ஓட்டுக் கூரையிலிருந்து பனி உருகுகிறது. படம் முழுக்க அதுதான். அதற்கு விருது கொடுத்திருக்கிறார்கள். அந்த விருதுதான் மனுஷரைக் கெடுத்தது என்பது என் அபிப்பிராயம்.

நடுவில் வயிற்றுப்பாட்டுக்காக டிவிக்கு ஒரு துப்பறியும் கதை எடுத்திருக்கிறார். கொலைகாரன் யார் என்பதில் தனக்கு அக்கறை இல்லாததால் கடைசிவரை கண்டுபிடிக்காமலேயே முடித்துவிட்டாராம். நாடே போன் போட்டுத் திட்டியதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு களை வந்தது. இரண்டு கல்யாணம். இரண்டு மனைவிகளும் அவர் படங்களுக்கு எடிட்டர்கள். இரண்டு பேருமே படத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவர் படத்தைக் குறைக்காமல் மனைவியைக் குறைத்துக்கொண்டார்.

கடைசியாக எடுத்த படத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் குரல் இறங்கியது. அதை இன்றுவரை ஒருவரும் முழுசாகப் பார்க்கவில்லை என்றார். எங்கே போட்டாலும் இருட்டில் ஒவ்வொரு நாற்காலியாக மடங்கும் சத்தம் கேட்குமாம். விளக்கைப் போட்டால் அவரும் புரொஜக்டர் ஓட்டுகிறவரும் மட்டும் இருப்பார்களாம். பையில் அந்தப் படத்தின் பிரதியும் அடுத்த படத்துக்குக் கதையும் இருந்தன. எடுப்பதா, விடுவதா என்று முடிவு செய்யவில்லை. இந்தப் படத்தை ஒரே ஒரு ஆள் கடைசிவரை உட்கார்ந்து பார்த்து, முடிந்ததும் வாயைத் திறந்து ஏதாவது சொல்லட்டும், அதைக் கேட்டுவிட்டு எடுக்கிறேன், அப்படி ஒரு ஆள் கிடைக்காவிட்டால் காமிராவை யாருக்காவது கொடுத்துவிட்டு முட்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இத்தனை வீம்பு பிடித்த ஆள் ஒரே ஒரு ஆளுக்கு ஏங்குவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

நம்மூரில் திரைப்படச் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் செயலாளர் ஒரு வங்கி மேனேஜர். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் வழக்கமாகப் படம் போடும் கல்லூரி அரங்கில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. வேறு இடம் எங்கே என்று அவர் கேட்க, நான் யோசிக்காமல் என் பெரியப்பாவின் கல்யாண மண்டபத்தைச் சொல்லிவிட்டேன்.

பெரியப்பாவுக்கு ஊரில் தென்னந்தோப்பு இருக்கிறது. தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனி இருக்கிறது. அவிநாசி ரோட்டை ஒட்டி இந்த மண்டபம் இருக்கிறது. ஆனாலும் அவரிடம் எதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தாலும் மாட்டில்தான் வந்து நிற்பார். அந்தியூர் சந்தைக்கு வருஷம் தவறாமல் போய், வாங்குகிறாரோ இல்லையோ, பல் பிடித்துப் பார்த்துவிட்டு வருவார். என்ன படம் என்று கேட்டார். மாடு கன்று போடக் காத்திருக்கும் ஒருவரைப் பற்றிய படம் என்றேன். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து உடனே மண்டபத்தைக் கொடுத்துவிட்டார்.

கொடுத்ததோடு நிறுத்தியிருந்தால் இதை நான் எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது. கூட்டம் வேண்டுமே என்று அவரே போனை எடுத்துச் சொந்தபந்தம், கம்பெனி ஆட்கள், மதுக்கரைச் சம்பந்தி வீட்டார் என்று எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார். கூடவே சமையல்காரருக்கும் சொல்லிவிட்டார். படம் பார்க்க வருகிறவர்களுக்கு எதற்குப் பந்தி என்று நான் சத்தம் போட்டேன்.

"மண்டபத்துக்கு வரச்சொல்லிப்போட்டு வெறும் வவுத்தோட அனுப்பறதுங்களா அம்மணி?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். இந்த ஊரில் அதற்குப் பதில் சொன்னவர்கள் யாரும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபம் நிரம்பிவிட்டது. பட்டுச்சேலையில் சில பேர் வந்திருந்தார்கள். ஜெர்மன் காதில் விழுந்தால் நல்லது என்று என் வகுப்புப் பிள்ளைகளையும் வரச்சொல்லியிருந்தேன். படத்தில் வரும் கிழவர் மாட்டைப் பார்த்து "ம்" என்று சொல்வதைத் தவிரப் பேச்சே கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது. டைரக்டரைப் பொண்ணு மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாவில், திரைக்கு நேர் முன்னால் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் மொழிபெயர்க்க நான். மணமேடையில் வைத்ததுபோல் இரண்டு பேரையும் எல்லோரும் பார்த்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். இதை எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவர் காதோரம் கேட்டார். செயலாளர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வாசித்தார். நான் எழுதிக்கொடுத்ததில் பெஞ்சையும் பனியையும் வைத்துக்கொண்டு, மனைவிகளையும் துப்பறியும் கதையையும் வெட்டியிருந்தார். சுவாரசியமான பகுதி அத்தனையும் போய்விட்டது.

விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு மாட்டுக் கொட்டகை. ஜன்னலுக்கு வெளியே பனி. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சினைமாடு நிற்கிறது. ஒரு கிழவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து மாட்டைப் பார்க்கிறார். நாம் இரண்டு பேரையும் பார்க்கிறோம்.

கொஞ்ச நேரம் மண்டபமே அமைதியாக இருந்தது. பெரியப்பா மட்டும் சோபாவுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு திரையில் இருக்கும் கிழவருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். காளங்கன்றுதான், வயிறு இறங்கியிருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது என்றார். டைரக்டர் என்னவென்று கேட்டார். ஆண்கன்று பிறக்கும் என்கிறார் என்று சொன்னேன். அவர் திரும்பிப் பெரியப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்புறம் கத்திரிக்காய்க் குழம்பு வாசம் வந்தது. சமையல்காரர் கதவைத் திறந்து முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று என்று சொன்னார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்கோ விசேஷத்துக்கோ போனால், கிளம்பும்போது சொல்லாமல் கிளம்பக் கூடாது. வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும், வந்திருக்கும் பெரிய மனிதரிடமும் சொல்ல வேண்டும். சாப்பிட எழுந்து போவதாக இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அன்றைக்குப் பெரிய மனிதர் டைரக்டர். முதல் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து, சோபாவுக்கு முன்னால் வரிசையில் நின்று, ஒவ்வொருவராகக் குனிந்து, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். திரையில் மாடு மறைந்து தலைகளாகத் தெரிந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். போகிறார்களா என்றார். சாப்பிடப் போகிறார்கள், வந்துவிடுவார்கள் என்றேன். படத்துக்கு நடுவிலா என்றார்.  எனக்குத் தூரத்து உறவான ஒரு அத்தை, நீங்களும் சாப்பிட வாங்க என்று அவரைக் கூப்பிட்டார். அவர் பத்தியத்தில் இருக்கிறார், கஞ்சிதான் என்று நான் சொன்னேன். அத்தைக்கு மனசு கேட்கவில்லை. எந்த முட்டி, எத்தனை நாளாக வலி, முடக்கத்தான் கீரை சாப்பிட்டுப் பார்த்தாரா என்று அங்கேயே நின்று விசாரித்தார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு முடக்கத்தானை ஜெர்மனுக்குக் கொண்டுபோக முயன்றுகொண்டிருந்தேன்.

பொறுக்க முடியாமல் எழுந்துபோய்ப் பந்தியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். சமையல்காரர் ரசம் ஆறிவிடும் என்றார். என் கோபத்தைவிட ரசத்துக்கு அங்கே மதிப்பு அதிகம்.

ஆனால் முதல் பந்தி ஆட்கள் சொன்னபடி திரும்பி வந்தார்கள். வெற்றிலையை மென்றுகொண்டே உட்கார்ந்து, சாப்பிடப் போகாமல் இருந்தவர்களிடம் அதற்குள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

"ஒண்ணும் ஆகலீங்க. மாடு அப்படியேதான் நிக்குதுங்க" என்று ஒருவர் நல்ல சத்தமாகச் சொன்னார்.

டைரக்டர் அதை மொழிபெயர்க்கச் சொன்னார். மென்று முழுங்கிச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தன் படங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்கள்கூட இவ்வளவு சரியாகச் சொன்னதில்லையாம். எனக்கு உயிர் வந்தது.

வந்த உயிர் ரொம்ப நேரம் நிற்கவில்லை. இரண்டாம் பந்தியும் முடிந்ததும் நிஜமாகவே வீட்டுக்குக் கிளம்புகிறவர்களின் வரிசை ஆரம்பித்தது. மறுபடியும் குனிதல், கும்பிடுதல். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். ஒருவருக்குப் பால் கறக்க வேண்டும், அதைக் கேட்டு டைரக்டர் தலையாட்டினார். ஒருவருக்கு மதுக்கரை போகிற வேன் காத்திருக்கிறது. ஒரு அம்மாவுக்கு டிவி தொடர் இருக்கிறது. அதையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். என் வகுப்புப் பிள்ளைகள் ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று ஜெர்மனில் சொல்லிக் கிளம்பினார்கள். வகுப்பில் எப்போதும் இடம் மாறிப்போகும் வினைச்சொல்லை எல்லோருமே சரியான இடத்தில் வைத்தார்கள். அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

டைரக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. எங்கள் ஊரில் இருட்டில் நழுவிப் போவார்கள், அதுவே தேவலை, இங்கே முகத்துக்கு நேரே வந்து நின்று சொல்லிவிட்டுப் போகிறார்களே என்றார். அவருக்காக வருத்தமாக இருந்தது. ஆனால் என் சனங்களை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. எங்களிடம் சண்டை போட்டவன்தான் சொல்லாமல் போவான், இவர்கள் சொல்லிவிட்டுப் போவது மரியாதைக்காக என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வந்தவர்களுக்கெல்லாம் பதிலுக்குக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

கடைசியில் மண்டபத்தில் மிஞ்சியது சிலரே. செயலாளர் இருந்தார், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு. அதை இருப்பதாகச் சேர்த்துக்கொள்ள முடியாது. நான் பாதி நேரம் திரைக்கு முதுகைக் காட்டி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவள், நானும் சேர்த்தி இல்லை. பெரியப்பா இருந்தார். பந்தி வைத்த மனுஷர் பந்திக்கே போகவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து, முன்னால் சாய்ந்து, மாடு காலை மாற்றி வைத்தால் இவரும் காலை மாற்றி வைத்தார்.

திரையில் பொழுது சாய்கிறது. மாடு படுக்கிறது. கிழவர் எழுந்து சட்டைக் கையை மடித்து விடுகிறார். பெரியப்பாவும் எழுந்து நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து காமிரா வெளியே வந்துவிட்டது. கொட்டகையின் சாத்திய கதவு தெரிகிறது. பனிக்குள் ஒரு பஸ் வருகிறது, நிற்கிறது, போகிறது. கதவு திறக்கவில்லை. திரை இருண்டுவிட்டது.

விளக்குப் போட்டார்கள். பெரியப்பா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மீதிப் படம் எங்கே என்று என்னைக் கேட்டார். அவ்வளவுதான் என்றேன். டைரக்டர் சிரமப்பட்டுச் சோபாவிலிருந்து எழுந்து அவர் பக்கம் திரும்பினார். ஊர் ஊராகத் தேடிய அந்த ஒரு ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே நிற்கிறார். இவர் என்ன சொல்வாரோ என்று நான் பெரியப்பாவின் வாயையே பார்த்தேன்.

"ஏனுங்க, கன்னு என்ன கன்னுங்க? கெடேரியா, காளங்கன்னா?" என்றார் பெரியப்பா.

பெண்கன்றா, ஆண்கன்றா என்று மொழிபெயர்த்தேன். டைரக்டர் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெரியாது என்றார். நீங்கள் எடுத்த படம், உங்களுக்குத் தெரியாதா என்று நானே கேட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பவள் அப்படிக் கேட்கக் கூடாதுதான்.

அந்தக் கிழவர் என் அப்பா என்றார் அவர். நான் நகரத்துக்கு பஸ் ஏறிய அன்றைக்கு அந்த மாடு கன்று போடுவதாக இருந்தது. வழியனுப்ப அப்பா வருவார் என்று ரோட்டில் நின்றேன். அவர் வரவில்லை. மகனைவிட மாடு பெரிதாகப் போயிற்றா என்று வெகுகாலம் அந்தக் கோபத்திலேயே இருந்தேன். அப்பா செத்ததற்குப் போனேன், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கொட்டகையை இப்போது என் தம்பிதான் பார்க்கிறான், அவனோடும் பேச்சு இல்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று நானாக நினைத்து எடுத்தேன், கடைசியில் என்ன பிறந்தது என்று மட்டும் நினைத்துப் பார்க்க வரவில்லை.

நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லச் சொல்ல, பெரியப்பா நெற்றியைச் சுருக்கிக் கேட்டார்.

"மாடு ஈத்துக்கு நிக்கறப்ப உட்டுப்போட்டு எப்பிடீங்க வருவாரு? அது கெடக்குட்டுங்க. நீங்க உள்ள போயி அவருகிட்டச் சொல்லிட்டுத்தான கெளம்புனீங்க?"

இதை மொழிபெயர்க்க எனக்கு நாக்கு வரவில்லை. ஆனாலும் சொன்னேன். டைரக்டர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். அவற்றில் இருந்தவர்கள் எல்லோரும் அன்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

"இல்லை" என்றார். கதவு சாத்தியிருந்தது, நான் திறக்கவில்லை என்றார்.

பெரியப்பா தன் ஆளைக் கூப்பிட்டு, பத்தியக்காரருக்குத் தனியாகக் காய்ச்சிய கஞ்சியைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் கஞ்சியும் ஒருவர் ஆறிப்போன ரசம்சோறும் சாப்பிட்டார்கள். எனக்கு இலை போடுவதற்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. செயலாளர் எழுந்து வந்து படம் அற்புதம் என்றார்.

டைரக்டர் ஊருக்குப் போனபின் ரொம்ப நாள் தகவல் இல்லை. முட்டி சரியாகிவிட்டால் எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். மார்கழியில் ஒருநாள் வகுப்புக்கு நடுவில் போனில் நீளமாக ஒரு செய்தி வந்தது. முதல் வரியைப் படித்ததும் பிள்ளைகளுக்கு ஏதோ எழுதக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனேன். பெரியப்பா பந்தல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி வீட்டிலிருந்து எழுதுகிறேன், அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள், அது கெடேரி என்று ஆரம்பித்திருந்தார்.

பெரியப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "கெடேரியா? நல்லாப் பாத்துத்தான் சொன்னாங்களாமா?" என்றார்.

மீதியைப் படித்தேன். அன்றைக்குப் பிறந்த கெடேரிக்கு அப்பா பெரிய மகனின் பெயரை வைத்திருக்கிறார். பசுமாட்டுக்கு ஆம்பளைப் பெயரா என்று ஊரே சிரித்ததாம். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது கிழடாகிச் சாகும்வரை தினமும் பொழுது சாயும்போது கொட்டகைக் கதவைத் திறந்து வைத்து, ரோட்டுப் பக்கம் பார்த்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாராம். மாடு எப்போதும் ரோடு இல்லாத பக்கம், கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் மேய்ச்சல் காட்டில்தான் நிற்குமாம். தம்பி இதைச் சொன்னதாக எழுதியிருந்தார்.  பந்தல்காரர் எதற்கென்று தெரியாமலேயே சண்டையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த படத்தை ஆரம்பித்துவிட்டாராம். பையில் இருந்த கதை இல்லை. அந்தக் கெடேரியின் வழியில் வந்த மாடு ஒன்று இப்போது சினையாக இருக்கிறது, தம்பியோடு கொட்டகைக்கு உள்ளேயே காமிராவை வைத்திருக்கிறேன், இந்த முறை கன்று பிறந்து எழுந்து நிற்கும்வரை வெளியே வரமாட்டேன், படத்தை அந்தப் பெரியவரின் மண்டபத்தில்தான் முதலில் போட வேண்டும் என்று முடித்திருந்தார்.

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தாராளமா வரச்சொல்லு கண்ணு. பந்திய வேண்ணாப் படம் முடிஞ்சு வெச்சுக்கலாம்" என்றார். நான் பதில் எழுத ஆரம்பித்ததும் மறுபடியும் கூப்பிட்டார். "அப்பறம், பொறப்படறப்ப தம்பிகிட்டச் சொல்லிட்டுப் பொறப்படச் சொல்லு."

அதையும் ஜெர்மனில் எழுதி அனுப்பினேன்.